நிரையில் நிற்கும் பளிங்கிழைகள்

1940களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் விசித்திரமான ஒரு பழுது தோன்றியது. ஒரே கம்பிவழியாகப் பல உரையாடல்களை ஒருங்கே அனுப்பி, மறுமுனையில் அவற்றை வெவ்வேறாகப் பிரித்தெடுக்கும் வடிகட்டிக் கருவிகள் சில, காரணம் புலப்படாமலே செயலற்றுப் போயின. அவற்றைத் திறந்து உருப்பெருக்கியால் நோக்கியபோது, கட்மியம் என்னும் உலோகப் பூச்சின்மீது மயிர் போன்ற மெல்லிய இழைகள் முளைத்திருக்கக் காணப்பட்டன. அவ்விழைகளை எவரும் ஆக்கி வைக்கவில்லை. உலோகம் தானாகவே மயிர்விட்டிருந்தது. அம்மயிர்களுள் ஒன்று நீண்டு எதிரேயிருந்த தகட்டைத் தொட்டதும் மின்னோட்டம் குறுக்குவழியிற் பாய்ந்தது, கருவியும் கெட்டது.

களை எனக் கருதி ஒழிக்க முற்பட்ட இந்த இழையையே பிற்காலத்தில் ஆய்வாளர் பயிராக வளர்க்கத் தலைப்பட்டனர். அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதும், அப்பயிரை வரிசையாக நிற்கச் செய்வதற்கு ஏன் இத்தனை பாடுபட வேண்டியிருக்கிறது என்பதும் அறிந்துகொள்ளத்தக்க செய்திகள்.

முதலில் ஒரு சொல்லைப்பற்றிக் கூறிவிடல் நன்று. பளிங்கு என்றதும் மாளிகைத் தரையிற் பதிக்கும் வழவழப்பான கல்லே பலருக்கு நினைவுக்கு வரும். விஞ்ஞானத்திலோ, அணுக்கள் ஓர் ஒழுங்கின்படி அடுக்கடுக்காக அமைந்த திண்மப்பொருள் எதுவாயினும் அது பளிங்கே. உப்பும் பளிங்கு, கற்கண்டும் பளிங்கு. தொலைபேசிக் கருவியில் முளைத்த உலோக மயிரும் ஒரு பளிங்கே. அதுவும் சாதாரணப் பளிங்கன்று. பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹெரிங், கால்ற் என்னும் இருவர் 1952ஆம் ஆண்டில் வெள்ளீய மயிர்களை வளைத்துப் பார்த்தனர். கையால் எளிதில் வளையும் வெள்ளீயம், மயிராக வளர்ந்த நிலையில் வியக்கத்தக்க உறுதி காட்டியது. வளைத்து விட்டால் மீண்டும் நிமிர்ந்துகொண்டது. அணுக்களின் அடுக்கிற் குறையேதும் இல்லாமையே அவ்வுறுதிக்குக் காரணம் எனக் கொள்ளப்பட்டது.

இவ்வளவு செம்மையான இழை எவ்வாறு வளர்கின்றது? இழையின் நடுவே திருகாணியின் புரிபோல ஒரு வழு ஓடுகின்றது என்றும், அப்புரியின் படியிற் கால்வைத்தே அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன என்றும் அக்காலத்தில் ஒரு விளக்கம் கூறப்பட்டது. சிலவகை இழைகளுக்கு அவ்விளக்கம் பொருந்தவும் செய்தது. ஆனால் அதே ஆய்வுகூடத்தில், நியூ ஜேர்சி மாநிலத்து மறே ஹில் என்னுமிடத்தில் பணியாற்றிய வாக்னர், எல்லிஸ் என்போர் சிலிக்கன் இழைகளை ஆராய்ந்தபோது திருகாணிப்புரி எதனையும் காணவில்லை. அவர்கள் கண்டவை வேறு. பிறிதோர் உலோகம் சிறிதளவேனும் கலந்திராவிட்டால் இழை வளரவில்லை. வளரும்போது இழையின் நுனியில் உருண்டையான ஒரு சிறு துளி இருந்தது. இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்து, 1964ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு புதிய விளக்கத்தை வெளியிட்டனர். அணுக்கள் ஆவியிலிருந்து திரவத்தினூடாகத் திண்மத்துக்குச் செல்கின்றன என்பதே அதன் சாரம். அறுபது ஆண்டுகள் கடந்தும் இத்துறையின் அடிக்கல்லாக அதுவே விளங்குகின்றது.

பற்றாசு வைக்கும் தகரவேலைக்காரர் ஒருவருக்கு இதன் பாதி முன்னரே தெரிந்திருக்கும். ஈயம் 327 பாகையில் உருகும். வெள்ளீயம் 232 பாகையில் உருகும். இரண்டையும் தக்க அளவிற் கலந்தாலோ 183 பாகையிலேயே உருகிவிடும். தனித்தனியே நின்றபோது இல்லாத இளக்கம் கூட்டிற் பிறக்கின்றது. தங்கமும் சிலிக்கனும் இதனினும் வியப்பானவை. தங்கம் 1064 பாகையிலும் சிலிக்கன் 1414 பாகையிலும் உருகுவன. ஆனால் அவை தக்க விகிதத்திற் சேர்ந்த கலவை 363 பாகையில் உருகிவிடுகின்றது.

வாக்னரும் எல்லிசும் சிலிக்கன் தகடொன்றின்மீது தங்கத்துணுக்கு ஒன்றை வைத்து 950 பாகைவரை வெப்பமேற்றினர். தங்கம் தன் கீழுள்ள சிலிக்கனிற் சிறிதளவைக் கரைத்துக்கொண்டு ஒரு துளியாயிற்று. பின்னர் சிலிக்கன் நாற்குளோரைட்டு ஆவியையும் ஐதரசன் வாயுவையும் அதன்மீது செலுத்தினர். அவ்வாவி துளியின் மேற்பரப்பிற் சிதைந்து தன்னிடமுள்ள சிலிக்கனைத் துளிக்குக் கொடுத்தது. துளியோ தாங்கக்கூடிய அளவுக்கு மேலாகச் சிலிக்கனை உண்டுவிட்டது. மிகுதியை எங்கே இறக்கி வைப்பது? கீழே ஏற்கெனவே சிலிக்கன் பளிங்கு இருக்கின்றது. அதன்மேல், அதன் ஒழுங்கிலேயே, ஓர் அடுக்காக அதனை இறக்கி வைத்தது. மேலும் உண்டது, மேலும் இறக்கியது. கீழே அடுக்குகள் சேரச்சேரத் துளி மேலே உயர்ந்தது. தான் கட்டும் தூணின் உச்சியிலேயே அமர்ந்து மேலே செல்லும் கொத்தனைப் போன்றது அது.

இது அனுமானமாக ஏற்கப்பட்டதேயன்றி, வளரும் காட்சியைக் கண்ணாற் கண்டவர் நெடுங்காலம் எவருமிலர். 2001ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் பேர்க்லி நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் பெய்டொங் யாங் என்பவரின் குழுவினர் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் உள்ளேயே தங்கத்துணுக்குகளை வைத்து ஜேர்மானியம் இழைகளை வளர்த்தனர். திண்மமாயிருந்த துணுக்கு இளகித் துளியானதும், துளியின் ஓரத்தில் இழை அரும்பியதும், அது நீண்டதும் வரிசையாகத் தெரிந்தன. முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் கூறியது பிழையன்று என்பது உறுதியாயிற்று.

துளியின் பருமனே இழையின் பருமனையும் தீர்மானிக்கின்றது. துளியைச் சிறிதாக்கினால் இழையும் மெல்லிதாகும். ஜப்பானின் ஹிற்றாச்சி நிறுவன ஆய்வுகூடத்தில் ஹிருமா என்பவரும் தோழர்களும் 1990களின் தொடக்கத்தில் காலியம் ஆசனைட்டு, இந்தியம் ஆசனைட்டு ஆகியவற்றின் மிக மெல்லிய இழைகளை வளர்த்தனர். 1998இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் லீபரின் குழுவினர் சில நனோமீற்றர் தடிப்புள்ள சிலிக்கன் இழைகளை ஆக்கிக் காட்டினர். ஒரு மீற்றரின் நூறுகோடியில் ஒரு பங்கே நனோமீற்றர். தலைமயிர் ஒன்றின் தடிப்பு எண்பதினாயிரம் நனோமீற்றர் அளவினது என்றால், இவ்விழைகளின் நுண்மையை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இவை குறைகடத்திகளால் ஆனவை என்பது முக்கியம். செம்பைப் போல மின்னைத் தாராளமாகச் செல்லவிடாமலும், கண்ணாடியைப் போல அறவே மறிக்காமலும், நாம் விரும்பும் வேளையில் விட்டும் வேண்டாத வேளையில் தடுத்தும் நிற்கக்கூடிய பொருள்களே குறைகடத்திகள். திரான்சிற்றர் என்பது அத்தகைய பொருளில் அமைந்த ஒரு படலை. திறந்தால் மின் பாயும், மூடினால் நிற்கும். படலை நன்றாக மூடவேண்டுமானால், மின் செல்லும் பாதையை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அழுத்தினால் போதாது. தண்ணீர்க் குழாயை ஒரு விரலால் அழுத்துவதினும், கையால் முழுவதும் சுற்றிப்பிடித்து நெரிப்பது பயன் தருமன்றோ? நிமிர்ந்து நிற்கும் இழையின் வாய்ப்பு இதிலேதான் இருக்கின்றது. அதனைச் சுற்றிவரப் படலையை அமைத்துவிடலாம்.

ஆனால் இழை நிமிர்ந்து நிற்கவேண்டும். குறித்த இடத்தில் நிற்கவேண்டும். அடுத்த இழையின் உயரமும் தடிப்பும் தன்னுடையதற்கு ஒத்திருக்கவேண்டும். வயலில் நெல்லை வீசி விதைத்தாலும் விளைச்சல் உண்டு. திரான்சிற்றர் வயலில் அது செல்லாது. ஒவ்வொன்றுக்கும் கம்பி கொண்டுவந்து பொருத்தவேண்டியிருப்பதால் நாற்றுநடுவதுபோல வரிசை பிடித்தே ஆகவேண்டும். தொடக்க ஆண்டுகளில் இழைகளைத் தனியே வளர்த்துச் சுரண்டியெடுத்து, திரவத்திற் கலந்து தகட்டின்மீது ஊற்றி, விழுந்த இடத்தில் விழுந்த இழைக்குக் கம்பி வைத்தனர். ஓர் இழையின் இயல்பை ஆராய அது போதும். ஒரு கருவியை உற்பத்தி செய்ய அது வழியன்று.

வரிசைக்கான முதல் நிபந்தனை துளிகள் ஒத்த அளவினவாய் இருத்தல். மொஸ்கோ நகரின் பளிங்கியல் நிறுவனத்தைச் சேர்ந்த கிவர்கீசொவ் 1975இல் விளக்கியவாறு, மிகச் சிறிய துளியின் வளைந்த பரப்பு ஆவியை ஏற்கத் தயங்குகின்றது; ஆகவே மெல்லிய இழை தடித்த இழையினும் மெதுவாக வளர்கின்றது. துளிகள் பலவாறாக இருந்தால் இழைகளின் உயரமும் பலவாறாகிவிடும். துளிகளை ஒரே அளவிலும் சமதூரத்திலும் பதிப்பது கடினமான வேலைதான். ஆயினும், இலத்திரன் கற்றையால் வரைந்து புள்ளியிடும் முறையால் அது பெரும்பாலும் கைகூடிவிட்டது.

திசையோ அவ்வாறன்று. திசையைத் தீர்மானிப்பது துளியன்று. துளியின் கீழுள்ள பளிங்கே. இழையின் முதல் அடுக்கு தகட்டின் அணு ஒழுங்கைப் பின்பற்றி அமைகின்றது. இரண்டாவது முதலாவதைப் பின்பற்றுகின்றது. ஆகவே அடித்தகடும் இழையும் இடைமுறியாத ஒரே பளிங்காகிவிடுகின்றன. இதற்கு ஊறு விளைவிப்பது மிகச் சாதாரணமான ஒன்று. காற்றுப் பட்டவுடன் சிலிக்கன்மீது ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படலம் படிகின்றது. அதன் தடிப்பு ஓரிரு நனோமீற்றரே. அதில் அணுக்கள் ஒழுங்கின்றிக் கிடக்கின்றன. அப்படலம் இடையிலிருந்தால் கீழுள்ள ஒழுங்கு மேலே எட்டாது. இழைகள் வைக்கோற்போரைப் போலக் கண்டபடி கிடக்கும். ஐதரோபுளோரிக்கமிலத்தாற் படலத்தைக் கழுவி, மீண்டும் காற்றுப்படாமல் உடனே உலையில் வைத்தால், அதே துளிகள் அதே ஆவியில் நிமிர்ந்த இழைகளை வளர்க்கும். ஆய்வுகூடத்து மாணவர் பலரின் பல மாத உழைப்பு இந்தக் கழுவலிற் செய்த கவனக்குறைவால் வீணாகியிருக்கும் என்று எண்ணத் தோன்றுகின்றது.

கழுவிய பின்பும் சிக்கல் உண்டு. சிலிக்கன் அணு ஒவ்வொன்றும் நான்கு அயலணுக்களுடன் கைகோத்து நிற்கின்றது. இழைகள் விரும்பி வளரும் திசையும் இந்தக் கைகளின் திசையே. தகட்டைத் தக்கவாறு வெட்டினால் நான்கு திசைகளுள் ஒன்று செங்குத்தாக மேல்நோக்கும். எஞ்சிய மூன்றும் தகட்டின் பரப்பிலிருந்து ஏறத்தாழ 19½ பாகையே உயர்ந்து சரிந்திருக்கும். பளிங்கின் பார்வையில் நான்கும் சமம். ஆகவே இழைகளிற் சில நிமிர்ந்தும் சில மூன்று பக்கமாகச் சரிந்தும் வளரக்கூடும். இழை 20 நனோமீற்றரிலும் மெல்லிதானால் வேறொரு தொல்லை: சிலிக்கன் இழை இந்நான்கையும் விட்டு வேறு திசையையே நாடத் தொடங்குகின்றது. கருவிக்கு மிக வேண்டியது மெல்லிய இழை. அடக்கத்துக்கு மிகக் குறைவாக உட்படுவதும் அதுவே.

காலியம் ஆசனைட்டு, இந்தியம் ஆசனைட்டுப் போன்ற இருதனிமப் பளிங்குகளைச் சிலிக்கன்மீது வளர்க்கும்போது இந்நான்கு திசைச் சிக்கல் இன்னும் வலுக்கின்றது. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் தகாஷி புகுயி, கட்சுஹிரோ தொமியோகா ஆகியோர் 2008ஆம் ஆண்டில் இதற்கு ஒரு தீர்வு காட்டினர். இவ்வகை இழைகள் ஆசனிக்கு அணுக்கள் மேற்பரப்பாக முடியும் திசையையே விரும்புவன. சிலிக்கனில் அணுவெல்லாம் ஓரினமாதலால் இழைக்கு எத்திசையும் ஒன்றே. ஆகவே, வளர்த்தலைத் தொடங்குமுன் தகட்டின் மேலடுக்கை, ஆசனிக்கில் முடியும் பளிங்கு முகம்போலத் தோன்றுமாறு அவர்கள் பக்குவப்படுத்தினர். செங்குத்துத் திசை மட்டும் இழைக்கு உகந்ததாயிற்று; சரிந்த மூன்றும் விலகின. ஓரணுத் தடிப்புள்ள மாற்றம் இழைக்கூட்டம் முழுவதையும் நிமிர்த்திவிட்டது. இத்துறையின் செய்திகளுள் இதனைப்போல மனத்தைக் கவர்வன சிலவே.

அடித்தகடு சிலிக்கனாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பேர்க்லிக் குழுவினர் 2001இல் நீலக்கல் தகட்டின்மீது நாகவொட்சைட்டு இழைகளை வளர்த்தனர். இரத்தினபுரிச் சுரங்கங்களில் அகழப்படும் அதே கனியந்தான். ஆனால் ஆய்வுகூடத்து நீலக்கல் செயற்கையாக ஆக்கப்படுவது, நீலமற்றுத் தெளிந்திருப்பது. அதன் அணு ஒழுங்கும் நாகவொட்சைட்டின் ஒழுங்கும் ஒரு திசையில் நன்கு இசைந்தமையால் அறுகோணத் தூண்கள் தகட்டிற்குச் செங்குத்தாகக் காடுபோல எழுந்தன. தடிப்பு 20 முதல் 150 நனோமீற்றர் வரை. வேறோர் ஒளியால் அவற்றைத் தூண்டியபோது ஒவ்வொரு தூணும் தனித்தனி இலேசராகிக் கழியூதா ஒளியை உமிழ்ந்தது. தூணின் இரு முனைகளுமே கண்ணாடிகளாகப் பணியாற்றின.

இரு பளிங்குகளின் ஒழுங்கு இவ்வாறு இசைவது அரிது. சிலிக்கனிலும் காலியம் ஆசனைட்டில் அணுக்களின் இடைவெளி ஏறக்குறைய 4 சதவீதம் பெரிது. இந்தியம் ஆசனைட்டில் ஏறக்குறைய 12 சதவீதம் பெரிது. அகன்ற படலமாக ஒன்றை மற்றொன்றின்மேல் வளர்த்தால் இவ்வேறுபாடு கூடிக்கூடி ஈற்றிற் பளிங்கெங்கும் வழுக்கள் தோன்றும். இழையிலோ ஒட்டும் பாதம் மிகச் சிறியது. பக்கங்கள் வெளியாக இருப்பதால் இழை சற்றே விரிந்து அழுத்தத்தைத் தணித்துக்கொள்கின்றது. சுவீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் லார்ஸ் சாமுவேல்சன் தலைமையிலான குழுவினர் 2004ஆம் ஆண்டில் காலியம் பொசுபைட்டு முதலியவற்றைச் சிலிக்கன்மீது இவ்வாறு நேராக வளர்த்துக் காட்டினர். ஒளியைத் திறம்பட உமிழாத சிலிக்கனும், ஒளி உமிழ்வதிற் சிறந்த இப்பொருள்களும் ஒரே தகட்டில் வாழ வழி பிறந்தது.

இனித் தங்கத்தின் மறுபக்கம். இழையை வளர்த்த தங்கமே சிலிக்கனுக்கு நஞ்சாகின்றது. சிலிக்கனுட் புகுந்த தங்க அணு, இலத்திரன்களைப் பிடித்து மறித்துவைக்கும் பொறியாக நிற்கின்றது. 1960களில் விரைந்து அணையவேண்டிய சில இருவாயிகளில் வேண்டுமென்றே தங்கம் சேர்க்கப்பட்டதுண்டு. ஆயினும் பிற்காலத் திரான்சிற்றர்த் தொழிற்சாலைகள் தங்கத்தை வாயிலிலேயே தடுத்து நிறுத்துவன. துளியாக நுனியில் நிற்கும் தங்கம் இழையினுள் இறங்காது என்று நம்பியவர்களும் இருந்தனர். 2008ஆம் ஆண்டில் நுட்பமான இலத்திரன் நுணுக்குக்காட்டியினால் சிலிக்கன் இழையின் உள்ளே தனித்தனித் தங்க அணுக்கள் காணப்பட்டபோது அந்நம்பிக்கை தளர்ந்தது.

தங்கமின்றி வளர்க்கும் வழியையும் ஹொக்கைடோ குழுவினர் கையாண்டனர். சிலிக்கன் தகட்டை ஒட்சைட்டுப் படலத்தால் மூடி, அதில் வரிசையாக நுண்துளைகள் இட்டு, ஆவியைச் செலுத்தினால் துளைகளில் மட்டுமே பளிங்கு பிடித்து வளரும். படலத்தின்மேல் எதுவும் முளைக்காது. முன்னர் பகையாயிருந்த ஒட்சைட்டே இங்கு வரம்பாக உதவுகின்றது. இம்முறையில் வளர்த்த இந்தியம் காலியம் ஆசனைட்டு இழைகளைச் சுற்றிப் படலை அமைத்து, நிமிர்ந்து நிற்கும் திரான்சிற்றர்களை அவர்கள் 2012ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

லுண்ட் குழுவினர் சூரிய ஒளியை மின்னாக்கும் கலமொன்றை 2013இல் ஆக்கினர். இந்தியம் பொசுபைட்டு இழைகள் ஒரு சதுர மில்லிமீற்றரில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் நின்றன. அவை தகட்டின் பரப்பில் 12 சதவீதத்தையே மூடியிருந்தன. ஆயினும் படும் ஒளியில் 13.8 சதவீதத்தை மின்சக்தியாக மாற்றின. எஞ்சிய 88 சதவீதம் வெற்றிடம். ஒளியின் அலைநீளத்திலும் சிறிய இடைவெளிகளில் நிற்பதால், இழைகள் தம்மைச் சுற்றியுள்ள ஒளியையும் தம்மிடம் இழுத்துக்கொள்கின்றன. விலையுயர்ந்த பொருளிற் சிறிதளவைக்கொண்டு பெரும்பயன் கொள்ளலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

அப்படியாயின் இன்று கைத்தொலைபேசியினுள் இருக்கும் திரான்சிற்றர்கள் வளர்க்கப்பட்ட இழைகளாலானவையா என நேயர்கள் கேட்கலாம். இல்லை, அவை செதுக்கப்பட்டவை. தென்கொரியாவின் சாம்சுங் நிறுவனம் படலையாற் சூழப்பட்ட திரான்சிற்றர்களை 2022ஆம் ஆண்டில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. அவற்றில் மின் செல்லும் பாதைகள் கிடையாகக் கிடக்கும் மெல்லிய சிலிக்கன் ஏடுகள். சிலிக்கனையும், ஜேர்மானியம் கலந்த சிலிக்கனையும் மாறிமாறி அடுக்குகளாக வளர்த்து, பின்னர் கலப்பு அடுக்குகளை மட்டும் இரசாயனத்தால் அரித்து அகற்ற, சிலிக்கன் ஏடுகள் அந்தரத்தில் நிற்கின்றன. அடுக்குகளை வளர்ப்பதிற் பளிங்கின் ஒழுங்கையும், இடத்தைத் தீர்மானிப்பதிற் செதுக்கும் கருவியையும் தொழிற்சாலைகள் நம்புகின்றன.

அதற்குக் காரணம் உண்டு. தொழிற்சாலைகள் பயன்படுத்தும் சிலிக்கன் தகடுகள் இழைக்கு உகந்த முகத்தில் வெட்டப்பட்டவையல்ல. அவற்றின்மீது வளரும் இழை செங்குத்திலிருந்து ஏறக்குறைய 55 பாகை சரிந்து, நான்கு திக்கிலும் ஒரேமாதிரித் தலைநீட்டும். உலகெங்கும் பல பத்தாண்டுகளாக அமைந்த உலைகளும் அளவுகளும் அத்தகட்டையே சார்ந்தவை. இழைக்காக அவற்றை மாற்ற எவரும் இலகுவில் இசையார். எண்ணிக்கையும் இடர் தருவதே. நாற்பது இலட்சம் இழைகளுள் சில முளைக்காவிடினும் சூரியகலம் சற்றே குறைந்த மின்னைத் தந்துகொண்டிருக்கும். கைத்தொலைபேசிச் சில்லொன்றில் ஆயிரங்கோடிக்கு மேற்பட்ட திரான்சிற்றர்கள் உள. அவற்றுட் சில, தவறான இடத்தில், வளராமற் போனாலே சில்லு பயனற்றதாகலாம். ஆகவே இழை வளர்ப்போர் இப்போது ஒளி சார்ந்த கருவிகளின் பக்கமே பெரிதும் திரும்பியுள்ளனர். ஒளியை உணர்வன, ஒளியை உமிழ்வன, சூரிய ஒளியை ஏற்பன ஆகியவை அத்தகையன. அங்கே ஓரிரு நாற்றுகள் பட்டுப்போயினும் வயல் விளையும்.